ஏழு விரலில் நூற்றெட்டுச் சுற்று

எனக்கு எழுத வராது. அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் என் கையெழுத்தும்தான். வாக்கியம் எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் நீங்களே கொஞ்சம் தள்ளிவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "யார் வீட்டுலயோ பால் பொங்குது"ன்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போன ஆள் நான். அதனால் இதில் முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கூச்சம் இதைவிட மோசம். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்துவிட்டால்கூட "நிறுத்துங்க"ன்னு சத்தம் கொடுக்க வாய் வராது. அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூட இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்ட என் காலில், ஆடித்தபசு நேரத்தில், சங்கரன்கோவில் கோயிலுக்குள்ளே ஊரே பார்க்க ஆட்கள் விழுந்து கும்பிட்டார்கள். நான் சாமியும் ஆடவில்லை, குறியும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் கோமதியம்மா ஒற்றைக்காலில் நின்று தபசு இருக்கிறாள் இல்லையா, அவள் கால்வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்வது என்று ஆடியில் ஜனங்கள் கோயிலைச் சுற்றி நடப்பார்கள். ஆடிச்சுத்து என்று பேர். நூற்றெட்டு என்பார்கள், ஆயிரத்தொன்று என்பார்கள், அவரவர் நேர்ச்சை, அவரவர் முழங்கால். நடப்பதைவிடப் பெரிய பாடு எண்ணுவது. பாதிப் பேர் முந்தானையில் புளியங்கொட்டையை முடிந்துகொண்டு வருவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை இந்த முடிச்சிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். கொட்டை தீர்ந்தால் நேர்ச்சை தீர்ந்தது.

நானும் நூற்றெட்டுக்குத்தான் நேர்ந்திருந்தேன். என் மருமகள் சுபா கணக்கு டீச்சர். வடக்கே எங்கேயோ, பஸ்ஸில் போனால் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் வந்து சேராத ஊரில் வேலை. அவள் மகளை நான்தான் இங்கே வளர்த்தேன். அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் செல்போன். தோசையைப் பிய்த்து செல்போனுக்கு ஊட்டும், "அம்மா ஆ காட்டு"ன்னு. திரை எல்லாம் எண்ணெய். அதைத் துடைத்துத் துடைத்து என் முந்தானையும் எண்ணெய். "ஆத்தா, இவளுக்கு நம்ம பக்கம் மாறுதல் வாங்கிக் குடுத்திரு, நூத்தியெட்டுச் சுத்து சுத்துதேன்"ன்னு வேண்டிக்கொண்டேன். அந்த ஆடியில் ஆர்டர் வந்தேவிட்டது. குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். இனி அங்கே போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. அவள் சேருகிற அன்றைக்கே நான் சுற்றை முடித்துவிடுவது என்று ஏற்பாடு. ஆத்தா ஒரு கையில் கொடுக்கும்போது நாம் மறு கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று எனக்கு ஒரு பயம்.

அதற்கு முந்தின மாதம்தான் சுபா ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். நம் பழக்கவழக்கத்தில் இருக்கிற கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் எப்படிப் படிப்படியாக யோசிக்குமோ அப்படி யோசிக்கப் பழக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் பயிற்சி முடித்து வந்தவள் வீட்டில் ஒரு பொருளைச் சும்மா விடவில்லை. ஓலைப்பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முறுக்குப் பிழிந்தால் எத்தனை சுற்று என்று எட்டிப் பார்த்தாள். நான் புளிக்குழம்பு வைக்கிறதுக்குப் பேர் அல்காரிதமாம். (நாற்பது வருஷமாக அல்காரிதம் வைத்திருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை. உப்புக் கூடிப்போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.)

நான் புளியங்கொட்டையைக் கழுவி முற்றத்தில் காயப்போட்டதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தை, எதுக்கு இவ்வளவு கொட்டையத் தூக்கிட்டு அலையுதீய? நூத்தியெட்டுக்கு ஏழு விரல் போதும்."

"ஏழு விரல்ல ஏழுதானட்டி எண்ண முடியும்?"

"அது நீங்க விரலுக்கு ஒண்ணுன்னு எண்ணுறதால. விரலுக்கு விரல் ரெண்டு மடங்கு ஆக்கிப் பாருங்க. கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும்."

எனக்குக் கம்ப்யூட்டர் எண்ணுவதைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அவள் விரலை மடக்கி விரித்துக் காட்டக் காட்ட எனக்கு வேறொன்று தெரிந்தது. எங்கள் அப்பா வீட்டில் கம்பு, சோளம் அளக்கிற பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். இரண்டு ஆழாக்கு கொட்டினால் ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. அப்படியே ரெட்டைப்படி, நாலுபடி, கடைசியில் எட்டுப்படி பிடிக்கிற மரக்கால். எல்லாம் மடங்குதானே!

"ஏட்டி சுபா, பெருவிரல் ஆழாக்கு. ஆள்காட்டி விரல் உழக்கு. நடுவிரல் உரி. சரியா?"

அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து ஒப்பேற்றிவிட்டோம். வலது கையில் பெருவிரலிலிருந்து ஆழாக்கு, உழக்கு, உரி, படி, ரெட்டைப்படி. இடது கைப் பெருவிரல் நாலுபடி, ஆள்காட்டி விரல் மரக்கால். விரல் நிமிர்ந்திருந்தால் அந்தப் பாத்திரம் நிறைந்திருக்கிறது, மடங்கியிருந்தால் காலி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஆழாக்கு ஊற்ற வேண்டும். ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதைக் கவிழ்த்து அடுத்ததில் ஊற்ற வேண்டும். நிறைஞ்சா கவுத்து, அடுத்ததுல ஊத்து. நூற்றெட்டு என்பது ஒரு மரக்கால், ஒரு நாலுபடி, ஒரு படி, ஒரு உரி. அந்த நாலு விரல் மட்டும் நிமிர்ந்து நின்றால் நேர்ச்சை முடிந்தது.

"அத்தை, எட்டாம் கிளாஸ் பிள்ளைகளுக்கே ரெண்டு நாள் ஆச்சு. நீங்க அரை மணி நேரத்துல பிடிச்சிட்டீய. நீங்க இப்படியே எண்ணிச் சுத்துங்க, பயிற்சியில எழுதிக் கேட்டிருக்காங்க, நான் அதையே எழுதிக் குடுக்கேன்."

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. "வேண்டாம் தாயி, எனக்குக் கொட்டையே போதும்"னு சொல்லியிருக்க வேண்டும். நானோ, அன்று முழுக்கக் கறிவேப்பிலை வாங்கப் போகும்போதுகூட விரலை மடக்கி விரித்துக்கொண்டு, ஐந்து கிளாஸ் படித்த கம்ப்யூட்டராகத் தெருவில் நடந்தேன்.

வேலையில் சேருகிற அன்று காலையில் சுபா புதுச் சேலை கட்டி, ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் நாத்தனார் பேச்சியோடு கோயிலுக்குப் போனேன். பேச்சி முந்தானையில் கொட்டை மூட்டை. என் முந்தானை வெறுமையாக, காற்றோட்டமாக இருந்தது.

"எங்கே மைனி கொட்டை?" என்றாள்.

கையைக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தன் கொட்டை முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது, அடுக்களையில் இரண்டு பேர் மூளையை உடைத்தோமே, ஒன்றை மறந்துவிட்டோம் என்று. அம்மன் சன்னதி முன்னால் வரும்போது கும்பிட வேண்டும்! கும்பிட்டால் பத்து விரலும் சேர்ந்துவிடும். சேர்ந்தால் கணக்குப் போச்சு. கம்ப்யூட்டருக்குக் கும்பிடுகிற வேலை கிடையாது, அதனால் சுபாவுக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அறுபது வருஷமாகக் கும்பிடுகிறவள் நான்தானே.

தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போனேன். பின்னால் ஒரு அம்மா, "அம்மனைக் கும்பிடக் கை வரல, சுத்துறதுக்கு மட்டும் கால் வருது பாரு"ன்னு யாரிடமோ சொன்னாள். எனக்குச் சொல்லுவதுபோல்தான் சொன்னாள்.

கை தாழ்ந்தால் கூட்டத்தில் இடிபட்டு விரல் மடங்கிவிடும் என்று நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலு சுற்று முடிந்தது. நாலு என்றால் ஒரு உரி. நடுவிரல் மட்டும். பின்னால் காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. திருப்பத்தில் நின்ற பெண் போலீஸ், சின்னப் பிள்ளை, ஓடி வந்தாள்.

"ஆச்சி, அந்த விரல மடக்குங்க."

"மடக்க மாட்டேம்மா. மடக்குனா உரி போயிரும்."

"எது போயிரும்?"

"உரி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆச்சி, இந்த விரலக் காட்டுனா கெட்ட வார்த்தை. யாருக்குக் காட்டுதீய?"

"ஆத்தாளுக்குத்தான்"னு உண்மையைச் சொன்னேன்.

பாவம், அந்தப் பிள்ளை சன்னதிப் பக்கம் திரும்பித் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த சுற்றில் பெருவிரலும் நிமிர்ந்துகொண்டதால் கொஞ்சம் தப்பித்தேன். ஆனாலும் அவள் என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே, கூடவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போவாள்.

எட்டாவது சுற்றில் மோதிர விரல் தனியாக நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. (நீங்களும் நிறுத்திப் பாருங்கள். பக்கத்து விரலும் கூடவே எழுந்துவிடும். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி.) அதையும் கடந்து பதினாறுக்கு வந்தேன். பதினாறு என்றால் ரெட்டைப்படி. சுண்டுவிரல் மட்டும்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுண்டுவிரலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று. நான் அதைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்தேன். மார்பில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் பெண் என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுக்கா ஆச்சி? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். கூச்சப்படாதீய."

கூச்சப்படாதே என்றால் எனக்கு இன்னும் கூச்சம். "இல்லம்மா, இது ரெட்டைப்படி"னு விளக்கவா? அவள் பின்னாலேயே போனேன். உள்ளே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். சுவரைப் பார்த்தேன். விரலை மடக்காமல் வெளியே வந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"இன்னுமா?" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டுப் பிரகாரத்துக்கு ஓடி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மனசு கேட்காமல், கொஞ்ச தூரம் இரண்டு ஆளை விலக்கிவிட்டு எனக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்தாள்.

இதையெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஒரு கிழவி, நெஞ்சுக்கு நேரே கையைத் தூக்கி விதவிதமாக முத்திரை பிடிக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. உதடு மட்டும் என்னவோ முணுமுணுக்கிறது. அம்மனைக் கும்பிடுவதுமில்லை, அம்மனே மாதிரி தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறாள். ஒரு போலீஸ் கூட நடக்கிறது. ஒரு தொண்டர் வழி விலக்குகிறாள். நான் பார்த்திருந்தால் நானே கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன்.

முப்பத்தொன்று வந்தது. வலது கையில் ஐந்து பாத்திரமும் நிறைந்துவிட்டது. ஐந்து விரலும் நிமிர்ந்து, உள்ளங்கை முன்னால் பார்த்திருக்க, நான் நடந்து வருகிறேன். சாமி படத்தில் கை எப்படி இருக்கும், அப்படி.

நல்ல பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள், நேரே வந்து என் காலில் விழுந்தாள்.

"தாயே! எம் மவளுக்கு வரன் தட்டிக்கிட்டே போகுது. ஒரு வாக்குச் சொல்லு தாயே."

வேண்டாம் என்று கையை ஆட்டலாம், ஆட்டினால் விரல் கலையும். நான் சாமி இல்லம்மா என்று சொல்லலாம், சொன்னால் எண்ணிக்கை மறக்கும். என் வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஆழாக்கு, உழக்கு, உரி, படி, ரெட்டைப்படி... எல்லாம் நிறைஞ்சிருக்கு."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் கண்ணீர்.

"எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டா! ஆத்தா படி படியா அளந்து சொல்லிட்டா!"

எங்கிருந்தோ ஒரு குலவை கிளம்பியது. அதற்குப் பதில் இன்னொரு குலவை. அடுத்த சுற்றைத் தொடங்கும்போது என் பின்னால் ஒரு கூட்டம். முப்பத்திரண்டாவது நாலுபடி. வலது கையை முழுசாக மூடி, இடது பெருவிரலைத் தூக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு அண்ணாச்சி குறுக்கே விழுந்து, "தாயே, புதுசா கடை போடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் கவனமாகக் கையை மூடினேன். "எல்லாத்தையும் கவுத்தாச்சு" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. (அண்ணாச்சி, நீங்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவும். கடையைத் தாராளமாகப் போடுங்கள். நான் அப்போது பாத்திரத்தைத்தான் சொன்னேன்.)

தப்பிக்க வேண்டும் என்று வேகமாக நடந்தேன். அருள் முற்றுகிறது என்று அவர்களும் வேகமாக வந்தார்கள். நான் ஓடினேன், அவர்களும் ஓடினார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணிக்க வந்தார்கள். கையைக் கொடுக்க முடியாது என்பதால் கொண்டையில் செருகிவிட்டார்கள். ஓடின ஓட்டத்தில் முன்னால் போன பேச்சியை எட்டிவிட்டேன். என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ மைனி! உனக்கு எப்ப அருள் வந்துச்சு? காலையில இட்லி திங்கும்போதுகூட இல்லியே!"

"பேச்சி, என்னைக் காப்பாத்துட்டி"ன்னு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"சாமி என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுது!"ன்னு அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கேலிக்குச் செய்தாளா, நிஜமாகச் செய்தாளா என்று இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அப்படியும் நான் எண்ணிக்கையை விடவில்லை. நாற்பதைக் கடந்தேன், ஐம்பதையும் கடந்த மாதிரி ஞாபகம். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்துச் சன்னதி முன்னால் வருகிறேன், உச்சிக்கால பூஜை. மணி அடிக்கிறது. திரை விலகுகிறது. தீபம் மேலே போகிறது. கூட்டம் மொத்தமும் "தாயே"ன்னு ஒரே குரலில் கூப்பிடுகிறது.

என் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்ச் சேர்ந்துகொண்டன. நான் சேர்க்கவில்லை. அவை பாட்டுக்குச் சேர்ந்தன. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கணக்கும் இல்லை, கூச்சமும் இல்லை, பின்னால் கூட்டமும் இல்லை. அவள் முகம் மட்டும் இருந்தது.

அப்புறம் கையை இறக்கிப் பார்த்தேன். பத்து விரலும் ஒட்டி நின்றன.

எத்தனையில் இருந்தோம்? ஐம்பத்திரண்டா? நாற்பத்தெட்டா? ரெட்டைப்படி நிமிர்ந்திருந்ததா, மடங்கியிருந்ததா? ஒன்றும் நினைவில்லை. தூணோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சாமி அழுகிறது என்று கூட்டம் பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

பேச்சி செல்போனைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் சுபா குரல் தொய்ந்திருந்தது.

"அத்தை, இன்னும் சேர முடியல. காலையில இருந்து வராண்டாவுலயே உக்காந்திருக்கேன். ஹெச்.எம். ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிட்டுப் போனவங்களாம், இன்னும் வரல. வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. எப்ப வருவாங்கன்னு யாருக்கும் தெரியல."

பார்த்தீர்களா? கணக்கு அறுந்தது, ஆத்தா கையெழுத்தை நிறுத்திவிட்டாள். இனி ஆர்டரும் திரும்பிப் போகும், பிள்ளை மறுபடி செல்போனுக்குத் தோசை ஊட்டும். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நடுவிரல் சங்கதியைச் சொன்னபோது அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கினாள் என்று இப்போது தெரிகிறது.

"அத்தை, அழாதீய. உங்களுக்குச் சந்தேகமே இல்லாமத் தெரிஞ்ச கடைசி எண்ணிக்கை எது?"

"அஞ்சும் நிறைஞ்சிருந்துச்சே, அது. ஊரே பாத்துச்சு."

"அப்ப முப்பத்தொண்ணு உறுதி. பிள்ளைக செல்போன்ல விளையாடும்போது தோத்துட்டா முதல்ல இருந்தா வருது? கடைசியா சேத்துவச்ச இடத்துல இருந்துதான வருது? நீங்களும் அங்கன இருந்து ஆரம்பிங்க."

"அதுக்கு மேல நடந்ததெல்லாம்?"

"அது ஆத்தாளுக்கு வட்டி."

மீதி எழுபத்தேழு. பேச்சி முந்தின நாளே பாதியைச் சுற்றிவிட்டதால், தன் சுற்றை அதற்குள் முடித்திருந்தாள். தன் மடியிலிருந்து எழுபத்தேழு கொட்டையை எண்ணி என் முந்தானையில் முடிந்துவிட்டாள். "விரலை நம்பாத மைனி, கொட்டைய நம்பு"ன்னு வேறு சொன்னாள். சாயங்காலம் நடை திறந்ததும் தலையை முக்காடு போட்டு மூடிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கும்பிடு, இரண்டு கையும் சேர்த்து, வாங்கிய பேச்சுக்கெல்லாம் ஈடாக. கடைசிக் கொட்டை மடியில் விழுந்தபோது கோபுரத்தில் விளக்குப் போட்டு நெடுநேரம் ஆகியிருந்தது. கால் என்னுடையதாக இல்லை. ஆத்தா கால்வலியில் பங்கு கேட்டவளுக்கு முழுசையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

சுபா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் பூத்திருந்தது.

"சேந்தாச்சு அத்தை! மத்தியானம் ஹெச்.எம். வந்தாங்க. வந்ததும் வராததுமா கையெழுத்துப் போட்டாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க."

"என்ன சந்தோஷமாம்?"

"காலையில நம்ம கோயிலுக்குத்தான் வந்திருக்காங்க, அவங்க ஊரு திருவேங்கடத்துல இருந்து. யாரோ ஒரு அம்மாவுக்கு அருள் வந்து, 'எல்லாம் நிறைஞ்சிருக்கு'ன்னு வாக்குச் சொல்லுச்சாம். அவங்க மகளுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் என் கொண்டையைப் பார்த்தாள். வேப்பிலையை நான் எடுக்க மறந்திருந்தேன்.

"அத்தை," என்றாள் மெதுவாக. "அது நீங்களா?"

ஆக, ஆத்தா ஒன்றையும் நிறுத்தவில்லை. என் மருமகளுக்கு வர வேண்டிய கையெழுத்தை உச்சிவேளை வரை நிறுத்தி வைத்தது நானேதான், ஐந்து விரலைக் காட்டி, அந்த ஹெச்.எம்.மை என் பின்னாலேயே ஓடவிட்டு. எதற்கு நேர்ந்துகொண்டு சுற்றினேனோ, அதற்கு முட்டுக்கட்டையும் நானே போட்டிருக்கிறேன்.

அந்த ஹெச்.எம். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. சுபா போனாள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேத்தி ஆடுகிறாள் என்று ஒரு தடவை போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. கடைசி வரிசையில் இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஹெச்.எம். அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டபோதுகூடக் கையை எடுக்கவில்லை. "உங்க மாமியாருக்குக் கையில ஏதும் சுகமில்லையா டீச்சர்?"ன்னு சுபாவிடம் கேட்டாளாம்.

சுபா பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தாள். ஆழாக்கு, உழக்கு எல்லாம் படம் வரைந்து அழகாக எழுதினாள். நல்ல பேர் வாங்கினாள். அவள் வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் எண்ணுகிறார்களாம். அடியில் ஒரு குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறாள்: "வழிபாட்டு இடங்களில் இம்முறையைத் தவிர்க்கவும்." நடுவிரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் இன்றுவரை என் மானம் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கிறது. குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் மகன், "எல்லாம் நிறைஞ்சிருக்கா, கவுத்தாச்சா?" என்பான். தோசை எத்தனை வேண்டும் என்று கேட்டதற்கு நான் விரலைக் காட்டினால், "அத்தை, இது விரல் கணக்கா, உரிக் கணக்கா?" என்பாள் சுபா. நான் நாலு தோசைக்கு நாலு விரலைத்தான் காட்டுகிறேன். ஒற்றை விரலில் காட்டினால் சிக்கனம்தான், ஆனால் பட்டது போதும். பேத்தி இப்போது தோசையைத் தன் அம்மாவுக்கே ஊட்டுகிறாள். சுபா கன்னமெல்லாம் எண்ணெய். அதை நான் துடைப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். பெயர், ஊர் தப்பாக இருந்தால் போகட்டும். மரக்காலுக்கு எட்டுப்படியா, உங்கள் பக்கம் வேறயா என்று ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆழாக்கு ஒன்று, உழக்கு இரண்டு, உரி நாலு, படி எட்டு, ரெட்டைப்படி பதினாறு. மொத்தம் முப்பத்தொன்றுதானே? அதை நம்பித்தான் மீதியை நடந்தேன். சுபாவிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பேச்சியிடம் கொட்டையும் இருக்கிறது.